கடுகு படுக்கவில்லை

கடுகு சிறுத்தாலும் காரம் போகாது என்று சொல்லிச் சொல்லியே அந்த நாய்க்குக் கடுகு என்ற பேர் நிலைத்துவிட்டது. ஒரு முழம் உயரம்கூட இருக்காது. ஒரு காது நிமிர்ந்து நிற்கும், இன்னொன்று சோம்பேறி மாதிரி மடிந்து கிடக்கும். ஆனால் சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்துப் பக்கத்து மூங்கில் தட்டி வீட்டு லைனில் கடுகுக்குப் பயப்படாத பெருச்சாளி ஒன்றைக் காட்டிவிட்டால் என் காதை அறுத்துக்கொள்கிறேன்.

கடுகை வளர்த்தவள் கங்கம்மா. சுரங்கத்திலிருந்து மேலே வரும் கல்லைச் சுத்தியால் உடைத்துத் தங்கம் உள்ளது எது, வெறுங்கல் எது என்று பிரிக்கிற வேலை அவளுக்கு. கல்லைக் கையில் வாங்கும்போதே அவள் கண் சொல்லிவிடும். அவள் புருஷன் தசரதன் குடியாத்தத்துப் பக்கம். சுரங்கத்துக்குள் லெவல் என்கிற தளத்தில் பாறையில் துளை போடுகிற ஆட்களில் ஒருவன். அவன் சிரித்தால் மூன்று வீடு தள்ளிக் கேட்கும். மூன்று வீடு தள்ளி இருந்தது பர்னபாஸ் மேஸ்திரியின் வீடு. மேஸ்திரி மனைவி நேசமணி, "உன் புருசன் சிரிச்சிதான் எங்க ஊட்ல பால் திரியுது" என்று கங்கம்மாவிடம் மாதம் ஒரு முறையாவது சொல்லுவாள்.

இந்த நாய்க்கு லைனில் ஒரு பெரிய மவுசு உண்டு. அது வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். பூமிக்கடியில் நெருக்குண்டு கிடக்கிற பாறை சில சமயம் தானாகவே வெடிக்கும். அதை ஏர் பிளாஸ்ட் என்பார்கள். மேலே வீட்டில் சட்டி பானை உருளும். கீழே நிற்கிறவன் கதி கடவுளுக்குத்தான் வெளிச்சம். போன ஆடி மாதம் ஒரு மத்தியானம், தூங்கிக்கொண்டிருந்த கடுகு திடீரென்று துள்ளி எழுந்து வீட்டைச் சுற்றிச் சுற்றி ஓடியது. ஓடி முடிப்பதற்குள் தரை அதிர்ந்து அடுக்குப் பானை சரிந்தது. நல்ல வேளையாக அந்த லெவலில் அப்போது யாரும் இல்லை. அன்றிலிருந்து கடுகு பூமி பேசுவதை முன்னாலேயே கேட்கிற நாய் ஆகிவிட்டது. ஷிப்டுக்குப் போகிறவர்கள் நேரே ஷாப்டுக்கு, அதாவது சுரங்க வாய்க்கு, போவதில்லை. சுற்றிக்கொண்டு கங்கம்மா வீட்டு வாசல் வழியாக வருவார்கள், எட்டிப் பார்ப்பார்கள். நாய் சுருண்டு கிடந்தால், "கடுகு தூங்குது, கவலையில்ல" என்று தலையாட்டிக்கொண்டு கூண்டில் ஏறிக் கீழே இறங்குவார்கள்.

உண்மை என்னவென்றால், அன்றைக்குக் கடுகின் மூக்கில் ஒரு கட்டெறும்பு கடித்தது. கங்கம்மா கண்ணால் பார்த்தாள். எல்லாரிடமும் சொல்லவும் சொன்னாள். எறும்புக்கு யார் மரியாதை கொடுப்பார்கள்?

மார்கழி பிறந்த மூன்றாம் நாள் காலை. ராத்திரி ஷிப்ட் முடிந்து தசரதன் சுரங்கப் பாறைக்கு முட்டுக் கொடுத்திருந்த பழைய கட்டை ஒன்றை விறகுக்காகத் தோளில் சுமந்து வந்தான். கடுகு வழக்கம்போல மேட்டுப் பாதை வரை ஓடி அவன் காலுக்குள் காலாக வந்தது. பனியில் மண் ஈரமாக இருந்தது. வீட்டு வாசலில் கல் பொறுக்கி அரிசி புடைத்துக்கொண்டிருந்த கங்கம்மாவுக்கு ஒரே ஒரு கீச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து இருவரும் மெதுவாக வந்தார்கள். கட்டை வரவில்லை.

"கட்டை நழுவி நாயி மேல விழுந்திருச்சி" என்றான் தசரதன். "ஒண்ணியும் ஆவல. பாரு, நடந்துதான வருது."

கங்கம்மா தடவிப் பார்த்தாள். ரத்தம் இல்லை, கால் நொண்டவில்லை. நேசமணி வந்து பார்த்து, கல்லு மாதிரி நாய் என்றாள். கடுகும் தன் பங்குக்கு வாலை ஆட்டி, எனக்கு ஒன்றுமில்லை என்றது. பொய் சொல்வதில் மனுஷனுக்கு நாய் இளைத்ததல்ல.

ஆனால் கங்கம்மாவுக்கு மனசு ஆறவில்லை. வேலைக்குப் போகுமுன் ஒன்றைக் கவனித்தாள். கடுகு எழுந்தது, உடம்பை உதறவில்லை. எந்த நாயும் எழுந்தவுடன் மூக்கிலிருந்து வால் வரைக்கும் ஒரு உதறு உதறும். இது எழுந்து அப்படியே நின்றது. சாயங்காலம் அவள் திரும்பி வந்தபோது வால் ஆடியது, ஆனால் தாழ்வாக ஆடியது. மார்கழிக் குளிரில் நாக்கைத் தொங்கப்போட்டு இரைத்தது. சாப்பிடாத வாயை நக்கிக்கொண்டே இருந்தது. படுக்க மூன்று சுற்றுச் சுற்றும், முன்னங்காலை மடக்கும், பாதி இறங்கியதும் மூச்சை நிறுத்தி, திரும்ப எழுந்துவிடும். மூலைக்குப் போகும், வாசலுக்கு வரும், அடுப்படிக்குப் போகும். எதற்கென்று அதற்கே தெரியாது.

அப்போது ஒரு சுண்டெலி தட்டிச் சுவரோரமாக ஓடியது. கடுகு அதைப் பார்த்தது. பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. கங்கம்மா புருஷன் பக்கம் திரும்பினாள்.

"ஏய்யா, நாயிக்கு உள்ள எங்கியோ நோவுது" என்றாள்.

தசரதன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். பகல் முழுவதும் அப்படியேதான் உட்கார்ந்து தூங்கினானாம். ஷிப்டுக்குக் கிளம்புகிற நேரம். அவன் கிளம்பவில்லை. வாசலில் எட்டிப் பார்த்த நாலு பேர், நாய் அங்குமிங்கும் நடப்பதைப் பார்த்துத் தயங்கி நின்றார்கள்.

"கடுகு காலையிலேர்ந்து படுக்கல" என்றான் அவர்களிடம். "எனக்கு இன்னாவோ இன்னிக்கி எறங்க மனசு வரல."

அவ்வளவுதான். பற்றிக்கொள்ள ஒரு பொறி போதாதா? அரை மணி நேரத்தில் முப்பது பேர் வாசலில் நின்றார்கள். கடுகு ஒவ்வொரு தடவை எழும்போதும் கூட்டம் உச்சுக்கொட்டியது. ஒருவன் கற்பூரம் கொண்டுவந்தான், இன்னொருவன் தரையில் காதை வைத்துக் கேட்டு, ஆமாம் என்னமோ முனகுகிறது என்று சத்தியம் செய்தான். அந்த ஷிப்டுக்கு லைனிலிருந்து ஓர் ஆள்கூட இறங்கவில்லை. மறுநாள் காலை ஷிப்டுக்கும் இறங்கவில்லை.

"நாயிக்கு நோவுதுன்னு சொல்றேன், கேக்க மாட்டீங்களா" என்று கங்கம்மா தொண்டை வறளக் கத்தினாள். ஊமை கண்ட கனவு மாதிரி அது அவளோடேயே நின்றது.

அன்று உச்சி வேளைக்குப் பர்னபாஸ் மேஸ்திரி வந்தார். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போடுகிற கோட்டை வியாழக்கிழமையே போட்டிருந்தார். அதிலிருந்தே காரியம் பெரிது என்று தெரிந்தது.

"கங்கம்மா, கேப்டன் தொரை சொல்லிட்டாரு. இன்னிக்கி ஷிப்டுக்கு ஆளு எறங்கலன்னா இந்த லெவல வேற கேங்குக்குக் குடுத்துடுவாராம். நாயி கண்ணுல பட்டாதான இவனுங்களுக்குப் பயம்? நாலு மணிக்கு வண்டி வருது. பௌரிங்பேட்டைக்கு அனுப்பிடலாம். அங்க எங்க மச்சான் ஊடு கீது, நல்லா வச்சிப்பான்."

"மேஸ்திரிண்ணா, பத்து மைலு கல்லு ரோடு. அந்த ஆட்டத்துல இதோட உசுரு போயிடும்."

"எனக்கு மட்டும் ஆசையா? அம்பது குடும்பத்துப் பொழப்பும்மா."

"நாலு மணிக்குள்ள இது படுத்துத் தூங்கிடுச்சின்னா?"

மேஸ்திரி நாயைப் பார்த்தார். நெற்றியைத் தடவிக்கொண்டார். "தூங்கிடுச்சின்னா வண்டி ஏன்? இவனுங்களே எறங்கிப் போயிடுவானுங்க."

நாலு மணி நேரம். கங்கம்மா வேலைக்குப் போகவில்லை. கடுகை மடியில் எடுக்காமல், தரையிலேயே அதன் எதிரில் உட்கார்ந்து, கல் பிரிக்கிறவள் கண்ணால் பார்த்தாள். வலப்பக்கம் சாய எத்தனித்தால் கொஞ்சம் கூடுதலாக இறங்குகிறது. இடப்பக்கம் என்றால் நினைத்த உடனேயே எழுந்துவிடுகிறது. இடது முன்னங்காலுக்குப் பின்னால் மயிர் நனைந்து ஒட்டியிருக்கிறது, நக்கி நக்கி. ஒரு விரலை அங்கே கொண்டுபோனாள். தொடுவதற்கு முன்பே தோல் நடுங்கியது. தொட்டதும் கடுகு தலையைத் திருப்பி அவள் கையில் பல்லை வைத்தது. கடிக்கவில்லை. வைத்தது, அவ்வளவுதான். அங்கே வேண்டாம் தாயே என்று கேட்கிற மாதிரி இருந்தது.

"விலா எலும்பு" என்றாள் கங்கம்மா. கண்ணீர் வந்துவிட்டது. இரண்டு நாளாக இந்தச் சின்ன உடம்பு அதைத் தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறது, ஒரு முனகல் இல்லாமல்.

முதலில் எலும்புக் கட்டு போட்டுப் பார்த்தாள். உளுந்து மாவில் முட்டை வெள்ளையைக் குழைத்துப் பழைய வேட்டித் துணியில் தடவி, வலிக்காமல் மெதுவாகச் சுற்றினாள். நேசமணி பிடித்துக்கொண்டாள். கட்டி முடித்துக் கை கழுவிவிட்டு வருவதற்குள் கடுகு கழுத்தை வளைத்துக் கட்டின் மாவில் பாதியைத் தின்றிருந்தது. மீதியையும் தின்றுவிட்டு, இன்னும் இருக்கிறதா என்று பார்த்தது.

"வயித்துக்குக் கேடு ஒண்ணும் இல்ல" என்றாள் நேசமணி.

இரண்டு நாளுக்குப் பிறகு கங்கம்மா அப்போதுதான் சிரித்தாள். பக்கத்தில் சுவரோரம் உட்கார்ந்திருந்த தசரதனுக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் பாதியில் நிறுத்தி, வாயை மூடிக்கொண்டான். கங்கம்மா அதைப் பார்த்தாள். அப்போது ஒன்றும் தோன்றவில்லை.

அடுத்தது மணல். தட்டையான தரையில் படுத்தால்தானே விலா அழுந்தும்? ஒரு குழி இருந்து, விலா படுகிற இடம் மட்டும் இன்னும் பள்ளமாக இருந்தால் அழுந்தாது. ஒரு ஆள் ஓடிப்போய்க் கூடை நிறைய மில் பக்கத்து மேட்டில் கொட்டிக் கிடந்த, தங்கம் பிரித்தெடுத்த கழிவு மணலை அள்ளிவந்தான். "அடப்பாவி, அதுல சைனைடு கீதுடா, நாயி நக்கினா போயிடும்" என்று திட்டி அவனை ஓடைக்கு விரட்டினாள். ஓடை மணல் வந்தது. அடுப்பில் லேசாக வெதுப்பி, மூலையில் கொட்டி, கையால் பள்ளம் பறித்து, மேலே தன் பழைய சேலையை விரித்தாள்.

கடுகு வந்து முகர்ந்தது. சுற்றியது. ஒன்று, இரண்டு, மூன்று. முன்னங்காலை மடக்கியது. வாசலில் இப்போது அறுபது தலை. கடுகு பாதி இறங்கியது, முக்கால் இறங்கியது, முழுவதும் இறங்கிவிட்டது.

"ஆ" என்று அறுபது பேரும் ஒரே மூச்சில் சொன்னார்கள். அந்தச் சத்தத்துக்குக் கடுகு எழுந்துவிட்டது.

கங்கம்மாவுக்கு வந்த ஆத்திரத்தில் கரண்டியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். கூட்டம் ரெண்டடி பின்னால் போய், மூன்றடி முன்னால் வந்தது. இரண்டாம் தடவை கடுகு படுத்தது, எவனோ தும்மினான். மூன்றாம் தடவை படுத்து, கண்கூடச் சொருகியது. அப்போது பாதையில் மாட்டுச் சலங்கை கேட்டது. நாலு மணி. வண்டி வந்துவிட்டது. கடுகு எழுந்து அங்குமிங்கும் நடக்க ஆரம்பித்தது.

"பாத்தியா, படுக்கவே மாட்டேங்குது" என்றார்கள் வாசலில்.

வண்டிக்காரர் ஒரு மூங்கில் கூடையுடன் உள்ளே வந்தார். மேஸ்திரி கங்கம்மாவின் முகத்தைப் பார்க்காமல், "எடுத்துக்கோப்பா" என்றார். கங்கம்மா நாய்க்கும் கூடைக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டாள்.

"மேஸ்திரி, இருங்க" என்றான் தசரதன்.

சொல்லிவிட்டுச் சுவரோரமிருந்து எழுந்தான். வலது கையைத் தரையில் ஊன்றினான். இடது முழங்கையை விலாவோடு ஒட்டவைத்தான். பாதி எழுந்ததும் மூச்சை நிறுத்தினான், உதட்டை நக்கிக்கொண்டான், திரும்ப உட்கார்ந்தான்.

கங்கம்மா அதைப் பார்த்தாள். இரண்டு நாளாக இதைத்தானே பார்த்துக்கொண்டிருக்கிறாள்! உட்கார்ந்தே தூங்கினது, வெற்றிலைப் பையைக்கூடக் குனிந்து எடுக்காதது, குளிரில் வேர்த்தது, மூன்று வீடு தள்ளிக் கேட்கிற சிரிப்பை வாயோடு மூடிக்கொண்டது எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக அவள் கண்முன் வந்தது. கல்லுக்குள் இருக்கிற தங்கத்தைக் கண்டுபிடிக்கிறவள், பக்கத்தில் இருந்த புருஷனைப் பார்க்கவில்லை.

எழுந்து அவனிடம் போனாள். ஒரே ஒரு விரலை அவன் இடது விலாவுக்குக் கொண்டுபோனாள். தொடுமுன்பே தோல் நடுங்கியது. தொட்டதும் தசரதன் அவள் மணிக்கட்டைப் பிடித்தான். தள்ளவில்லை. பிடித்தான், அவ்வளவுதான்.

"நாயி மேல கட்டை விழுந்துச்சின்னு சொன்னியே" என்றாள். "நீ எங்க விழுந்த?"

லைன் முழுவதும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றது. தசரதன் மேஸ்திரியைப் பார்த்தான், நாயைப் பார்த்தான், கூடையைப் பார்த்தான்.

"நான் வழுக்கிட்டேன்" என்றான். "கட்டை என் விலா மேல. நான் கடுகு மேல. ரெண்டு பேருக்கும் ஒரே அடி. வர்ற வாரம் எனக்குன்னு தொளை போடற மெஷின் ஒண்ணு குடுக்கறதா மேஸ்திரி சொல்லியிருந்தாரு. அடிபட்டுச்சின்னு சொன்னா வேற எவனுக்காவது போயிடும். அதான் சொல்லல. வலியோட எறங்கவும் முடியல. நாயி படுக்கலன்னு சொல்லிட்டேன். இம்மாம் பெரிசா ஆவும்னு எனக்கு இன்னா தெரியும்?"

பின்வரிசையில் ஒருவன், "அப்போ ரெண்டு நாளா நாம பயந்தது உன் விலாவுக்கா?" என்றான். அவ்வளவுதான், தட்டிச் சுவர் அதிரச் சிரித்தார்கள். தரையில் காது வைத்துக் கேட்டவனை நாலு பேர் பிடித்துக்கொண்டு, முனகினது பூமியா தசரதனா என்று கேட்டார்கள். அவன் இரண்டும்தான் என்று சாதித்தான். கற்பூரம் கொண்டுவந்தவன் அதைத் திருப்பிக் கேட்டான்.

மேஸ்திரி மட்டும் சிரிக்காமல் தசரதன் எதிரில் வந்து குனிந்தார். "ஏண்டா, மெஷின் எங்கயாவது ஓடிப்போவுதா? ஒடஞ்ச விலாவோட அந்த ஆட்டத்துல நின்னா உன்ன நான் பொட்டியிலதான் மேல கொண்டாரணும். கேளு. என்னிக்கி நீ விலாவப் பிடிக்காம வாய் விட்டுச் சிரிக்கிறியோ, அன்னிக்கி மெஷின் உன்னுது. அது வரிக்கும் வேற எவனும் தொட மாட்டான்."

தசரதன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். கங்கம்மாவும் துடைத்துக்கொண்டாள். அவளுக்கு அவனை ஒரு அறை அறையவேண்டும் போலவும் இருந்தது. அடிக்க உடம்பில் நல்ல இடம் பார்த்து வைத்துக்கொண்டாள், பிற்பாடு ஆகட்டும் என்று.

வண்டிக்காரர் காலிக் கூடையைக் கையில் வைத்துக்கொண்டு, "அப்போ யாருதான் ஏறறது?" என்று கேட்டார். வந்த வண்டியைச் சும்மா அனுப்புவானேன்? தசரதனை வைக்கோல் மேல் உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அது நாலு பர்லாங்கு தூரம்தான். ஆட்கள் கலைந்து ஷாப்டுக்கு நடந்தார்கள். போகிற வழியில் கங்கம்மா வாசலைத் தாண்டும்போது செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார்கள், இனியாவது நாய் படுக்கட்டுமென்று.

கூட்டம் போன பிறகு வீடு அமைதியானது. கடுகு மணற்குழிக்கு வந்தது. மூன்று சுற்று. முன்னங்கால், பின்னங்கால். உடம்பு இறங்கியது, தாடை இறங்கியது. ஒரு நீண்ட மூச்சு விட்டது. நிமிர்ந்த காதும் மடிந்துவிட்டது. கங்கம்மா நகராமல் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தச் சின்ன வயிறு ஏறி இறங்குவதை இருட்டும் வரை பார்த்தாள்.

அகலத் துணியால் விலாவை இறுக்கிக் கட்டிக்கொண்டு தசரதன் வந்தபோது, கடுகுக்குப் பக்கத்தில் இன்னொரு மணற்குழி தயாராக இருந்தது. கொஞ்சம் பெரியது. "படு" என்றாள் கங்கம்மா. மறுபேச்சுப் பேசாமல் படுத்தான். அந்த மாதம் முழுவதும் அவள் காலையில் எழுந்ததும் இருவரையும் பார்ப்பாள். யார் எந்தப் பக்கம் படுத்தார்கள், யார் எழும்போது மூச்சை நிறுத்தினார்கள், யார் கஞ்சியை மிச்சம் வைத்தார்கள் என்று. இருவரில் கடுகுதான் சொன்ன பேச்சைக் கேட்டது.

பொங்கலன்று காலை. கங்கம்மா புதுப்பானையில் அரிசி போட்டுவிட்டுக் கிளறிக்கொண்டிருந்தாள். மூலையில் கடுகு எழுந்தது. முன்னங்கால்களை நீட்டிச் சோம்பல் முறித்தது. பிறகு மூக்கில் ஆரம்பித்து, இரண்டு காதும் படபடக்க, முதுகு, இடுப்பு, வால்நுனி வரைக்கும் ஒரு உதறு உதறியது. ஒரு மாதத்து மணல் முழுவதும் பறந்து, கொஞ்சம் பொங்கலிலும், மீதி தசரதன் வாயிலும் விழுந்தது.

கங்கம்மா கரண்டியைப் போட்டுவிட்டாள். தசரதன் மணலைத் துப்பினான், நாயைப் பார்த்தான், பொங்கலைப் பார்த்தான், சிரிக்க ஆரம்பித்தான். வாயை மூடவில்லை. கை விலாவுக்குப் போகவில்லை. பானை பொங்கி வழிந்து அடுப்பு அணைகிற வரைக்கும் சிரித்தான். பொங்கலோ பொங்கல் என்று சொல்லவும் அவர்கள் வீட்டில் யாருக்கும் வாய் ஒழியவில்லை.

மூன்று வீடு தள்ளி நேசமணியின் குரல் கேட்டது.

"ஏங்க, எழுந்து வாங்க. தசரதன் சிரிச்சிட்டான். மெஷினுக்கு ஆளு வந்தாச்சி."